நாலாம் பெட்டிக்கு எத்தனை பங்கு?

பத்து பகாட் என்ற மலாய்த் துறைமுக ஊர். 1934, ஆகஸ்டு. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி.

ஆற்றோரச் சுங்கக் கொட்டகையில் அப்போது இருந்தவர்கள்:

ஐயாசாமி. வயது ஐம்பத்தொன்று. சிங்கப்பூர் கம்பெனி ஒன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா. கப்பலுக்கு ஆபத்து வந்து சரக்கு கடலில் போனால், அந்த நஷ்டத்தை யார் யார் எவ்வளவு சுமப்பது என்று பிரித்துக் கொடுப்பது அவர் வேலை.

ரம்ஜான் பீவி. மூவாரில் ஜவுளிக்கடை. புருஷன் இல்லை. பயமும் இல்லை.

ருக்னுதீன். 'ஸ்ரீ பாரிட்' என்ற சின்ன நீராவிக் கப்பலின் நகுதா. அதாவது, அதன் கேப்டன்.

மீரா சாகிபு. பத்து பகாட்டில் வெங்காய வியாபாரி. நல்லவர் என்று ஊரே சொல்லும்.

சார்ஜன் கபீர். உள்ளூர் போலீஸ். அப்பா தொண்டிக்காரர், அம்மா மலாய்க்காரி, தொப்பை சொந்தச் சம்பாத்தியம்.

வேலு. 'ஸ்ரீ பாரிட்'டில் மூட்டை தூக்குபவர். கையில் கடப்பாரை.

ஏழாவதாக இன்னொருவரும் இருந்தார்.

அவர் பெட்டிக்குள் இருந்தார்!

"ம்... உடைங்கலா!" என்றார் சார்ஜன்.

வேலு பலகை இடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்.

க்ரீச்...!

முதல் ஆணி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வருவதற்குள் வாடை வந்துவிட்டது.

"யா அல்லா... என் கைலியெல்லாம் அழுகிப் போச்சா?" ரம்ஜான் பீவி முந்தானையை மூக்கில் அழுத்தினார்.

"கைலி அழுகினா இப்படி நாறாது, பீவிம்மா," என்றார் ஐயாசாமி.

பலகை விலகியது.

முழங்கால் மடங்கி... தலை மார்பில் கவிழ்ந்து... ஒரு மனிதர்!

வேலுவின் கையிலிருந்த கடப்பாரை நழுவிச் சார்ஜனின் பூட்ஸ் மேல் விழுந்தது. சார்ஜனுக்கு அது உறைக்கவே இல்லை.

"அலமாக்! யார் இது?"

ஐயாசாமி குனிந்தார். நாலு நாள் உப்புத் தண்ணீர் முகத்தை ஒரு வழி பண்ணியிருந்தது. பின்மண்டையில் ஒரு பள்ளம். சட்டைப் பித்தானில் நூல் கட்டி ஒரு பென்சில் தொங்கியது.

பென்சிலைப் பார்த்ததும் வேலு அலறினார்.

"ஐயையோ... செல்லப்பன்! எங்க கப்பல்ல சரக்கு எண்ணுறவரு! சிங்கப்பூர்ல கப்பலைத் தவற விட்டுட்டாருன்னு நகுதா சொன்னாரே!"

"தவற விடல," ஐயாசாமி முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஏறித்தான் வந்திருக்காரு. டிக்கெட் எடுக்காம."

நகுதா ருக்னுதீன் பெட்டியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

சார்ஜன் பெட்டியைச் சுற்றி வந்தார். பலகையில் கறுப்பு மையில் எழுதியிருந்தது... ர.பீ. மூவார். 4.

"பெட்டி யாருது?"

பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது.

"என்னுதுதான்!" என்றார் ரம்ஜான் பீவி. "ஆறு பெட்டி! பெட்டிக்கு நூறு கைலி! வியாழக்கிழமை சிங்கப்பூர்ல வாங்கி, கப்பல்ல போட ஏற்பாடு பண்ணிட்டு, நான் பஸ்ல ஊருக்கு வந்துட்டேன். கைலிதான் அனுப்புனேன்... ஆளா அனுப்புனேன்?"

"போன மாசம் மூவார் துறையில இந்தச் செல்லப்பனை என்னமோ திட்டுனீங்களாமே?"

"ஒரு கட்டு கைலியைக் குறைச்சு எழுதிட்டான். திட்டுனேன். அதுக்கென்ன?"

"என்னன்னு திட்டுனீங்க?"

ரம்ஜான் பீவி முதல் தடவையாக வாயை மூடினார்.

"சொல்லுங்கலா. என் மச்சான் அங்கதான் டூட்டியில இருந்தாரு. எனக்குத் தெரியும். உங்க வாயால சொல்லுங்க."

"...உன்னைப் பெட்டியில போட்டு ஆணி அடிச்சிருவேன்டான்னு..."

கொட்டகையில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. நிறைய ஈ.

"அட, பேச்சுக்குச் சொல்றதுதானே! தினம் பத்துப் பேர்கிட்ட சொல்லுவேன்! இதுவரைக்கும் ஒருத்தனும் பெட்டிக்குள்ள போனதில்ல!"

"இவரு போயிட்டாரே," என்றார் சார்ஜன். இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தார். "பெட்டி உங்களுது. பேச்சு உங்களுது. இதுக்குத் தூக்குதான், பீவிம்மா. நான் என்ன பண்றது?"

ரம்ஜான் பீவி கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"சார்ஜன்... சார்ஜன்..." மீரா சாகிபு பதறிக்கொண்டு குறுக்கே வந்தார். "வயசான பொம்பளைக்கு விலங்கெல்லாம் வேணாம். ஐயா, கிராணி... இவங்க கட்ட வேண்டிய பங்கையும் நானே கட்டிடுறேன். கையெழுத்தை வாங்கிக்கிட்டு சரக்கை விட்டுடுங்க. பாவம், அவங்க நிம்மதியா கேஸைப் பாக்கட்டும்."

எவ்வளவு நல்ல மனசு!

ஐயாசாமிக்குக் கொட்டாவி வந்தது.

போன வெள்ளிக்கிழமை நடந்தது இவ்வளவுதான். சிங்கப்பூரிலிருந்து பத்து பகாட் வழியாக மூவார் போகிற 'ஸ்ரீ பாரிட்', பகல் மூன்று மணிக்கு இந்த ஆற்று முகத்தில் தரை தட்டியது. "கப்பல் உடையப் போகுது!" என்று நகுதா கத்தினார். மேல்தட்டில் தோட்டங்களுக்குப் போகிற நாற்பது பேர். அதுவரை கப்பல் தரை தட்டிப் பார்க்காதவர்கள். அழுதார்கள். பாரத்தைக் குறைக்க ரம்ஜான் பீவியின் ஆறு பெட்டிகளும் கடலில் வீசப்பட்டன. கப்பல் மிதந்தது. எல்லோரும் பிழைத்தார்கள்.

கடல் சட்டம் இந்த இடத்தில் ஒரு காரியம் செய்யும். எல்லோரையும் காப்பாற்ற ஒருவருடைய சரக்கைத் தூக்கி எறிந்தால், அந்த நஷ்டம் எல்லோருக்கும் பொது. கப்பல்காரர், வெங்காயக்காரர், பெட்டியைப் பறிகொடுத்தவர்... ஆளுக்கொரு பங்கு. அவரவர் பொருளின் மதிப்புக்குத் தக்கபடி.

பங்குக்குச் சம்மதம் என்று எல்லோரும் கையெழுத்துப் போடும் வரை, இறங்கிய சரக்கில் ஒரு மூட்டைகூடக் கொட்டகையை விட்டு வெளியே போகக் கூடாது. அது ஐயாசாமியின் கம்பெனி வழக்கம்.

சனிக்கிழமை அவர் வந்து இறங்கினார். மீரா சாகிபு அன்றே கையெழுத்துப் போட்டுப் பணமும் கட்டிவிட்டார். ரம்ஜான் பீவி மூன்று நாளாகப் போடவில்லை.

"போனது என் பெட்டி. நானும் பங்கு கட்டணுமா? எந்த ஊரு நியாயம் இது?" என்றார் சனிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமையும் அதையே கேட்டார். திங்கட்கிழமை கொஞ்சம் சத்தமாகக் கேட்டார்.

இன்று காலை பெட்டியே திரும்பி வந்துவிட்டது. ஆற்று முகத்துக் கேலோங்கில்... கடலில் கம்பு நட்டுக் கட்டிய மீன் பொறியில்... மாட்டிக் கிடந்ததாக மீனவர்கள் இழுத்து வந்து போட்டார்கள். மற்ற ஐந்தும் வரவில்லை.

"உங்க வேலை முடிஞ்சிருச்சு, கிராணி," என்றார் சார்ஜன். "கொலைகாரிகிட்ட என்ன கையெழுத்து? நீங்க கப்பலைப் பிடிச்சு ஊருக்குப் போங்க."

நல்ல யோசனைதான். ஐயாசாமி இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவன் நஷ்டத்தைக் கூறு போட்டு வருகிறார். தூக்கம் சரியாக வருவதில்லை. முழங்கால் வலி. யார் செத்தால் என்ன, யார் தொங்கினால் என்ன?

குடையை எடுத்தார். வாசல் வரை போனார்.

வாசல் பக்கம் மீரா சாகிபுவின் வெங்காய மூட்டைகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. நூற்றிருபது மூட்டை. எண்ணிக்கை குறையவில்லை. ஒன்றுகூட நனையவில்லை.

ஐயாசாமி நின்றார்.

"சே..." என்றார் தனக்குத்தானே. குடையை மறுபடி ஆணியில் மாட்டினார்.

"என்ன கிராணி?"

"ஒரு நிமிஷம், சார்ஜன். வேலு, இங்க வாங்க. சிங்கப்பூர்ல எந்தச் சரக்கை மொதல்ல ஏத்துனீங்க?"

"மூவார் சரக்கைத்தாங்க. கப்பல் மொதல்ல இங்க வரும், அப்புறந்தான் மூவார். கடைசியா எறங்குறது அடியில போகும்."

"அப்போ பீவிம்மா பெட்டி?"

"அடியிலங்க."

"மேல?"

"சாகிபு வெங்காயம். கதவைத் தொறந்தா வெங்காயந்தான் நிக்கும்."

"சரி. கப்பல் உடையப் போகுதுன்னு நகுதா கத்துறாரு. கதவைத் தொறக்குறீங்க. கைக்கு எட்டுறது வெங்காயம். எத்தனை மூட்டையக் கடல்ல போட்டீங்க?"

வேலு நகுதாவைப் பார்த்தார். நகுதா தரையைப் பார்த்தார்.

"...ஒண்ணும் போடலீங்க."

"அப்புறம்?"

"வெங்காயத்தை எடுத்து ஒரு ஓரமா அடுக்கச் சொன்னாரு. அடுக்கிட்டு, அடியில கெடந்த பெட்டியத் தூக்குனோம்."

"கப்பல் உடையுற நேரத்துல அடுக்குனீங்க?"

"அழகா அடுக்குனோங்க."

"கனமான சரக்கைத்தான் எறியணும்!" நகுதா குறுக்கே பாய்ந்தார். "அது கடல் வழக்கம்! மேசையில உக்காந்து பேனா பிடிக்கிறவங்களுக்கு அது தெரியாது!"

"தெரியாதுதான், நகுதா. அதனாலதான் புஸ்தகம் வச்சிருக்கேன்."

ஐயாசாமி பையிலிருந்து ஒரு மெலிந்த புத்தகத்தை எடுத்தார். கடல் எப்போது வற்றும், எப்போது ஏறும் என்று நாள்வாரியாகப் போட்ட அட்டவணை. விரலால் தேடினார்.

"வெள்ளிக்கிழமை. இந்த ஆத்து முகம். தண்ணி முழுசா வத்துறது மூணு மணி பத்து நிமிஷம். நீங்க தட்டுனது மூணு மணி. வேலு, கப்பலுக்கு அடியில என்ன இருந்துச்சு? பாறையா?"

"சேறுங்க. வெண்ணெய் மாதிரி."

"காத்து?"

"நான் சுருட்டைப் பத்த வச்சேங்க. ஒரே குச்சி."

"ஒரே குச்சி..." ஐயாசாமி புத்தகத்தை மூடினார். "மூணு பத்துக்கு மேல தண்ணி ஏறும். எல்லாரும் சும்மா உக்காந்து வேலு மாதிரி சுருட்டுப் பிடிச்சிருந்தா, ஒரு மணி நேரத்துல கப்பல் தானா மிதந்திருக்கும். பதினஞ்சு வருஷமா இந்த முகத்துல நுழையறீங்க, நகுதா. உங்களுக்கு அது தெரியாது?"

நகுதா தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

சார்ஜன் தலையைச் சொறிந்தார். "எனக்குப் புரியலலா. கப்பல் மிதந்தா என்ன, முங்குனா என்ன? பொணம் பீவிம்மா பெட்டியிலதானே இருக்கு?"

"அங்கதான் விஷயமே இருக்கு, சார்ஜன். ஆபத்து நிஜம்னா, உயிர் போற அவசரத்துல கைக்கு வந்ததைத் தூக்கி எறிஞ்சாங்கன்னு ஆகுது. அப்போ பெட்டியில இருந்ததுக்குப் பெட்டிக்காரங்கதான் பொறுப்பு. ஆனா ஆபத்தே பொய்னா? யாரோ ஒருத்தர் இந்தப் பெட்டி கடலுக்குப் போகணும்னு முடிவு பண்ணி, அதுக்காகக் கப்பலைச் சேத்துல ஏத்தியிருக்காரு. பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவருதான் அப்படிச் செய்வாரு."

சார்ஜன் விலங்கைத் தாழ்த்தினார்.

"அப்போ நான் கொலை பண்ணல!" ரம்ஜான் பீவி கத்தினார். "கேட்டுக்கிட்டீங்களா? கிராணியே சொல்லிட்டாரு!"

"இன்னும் எழுதல, பீவிம்மா," என்றார் ஐயாசாமி. "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். ஆபத்து பொய்னு நான் எழுதிட்டா பொது நஷ்டம்கிற பேச்சே கிடையாது. உங்க ஆறு பெட்டிக்கு ஒருத்தரும் ஒரு காசு பங்கு தரமாட்டாங்க."

"என்னது?"

"முழு நஷ்டமும் உங்க தலையில."

"பெருநாள் யாவாரத்துக்கு வாங்குன சரக்கு, கிராணி! அது போனா கடையே போச்சு!"

"ஆமா."

"எழுதலைன்னா?"

"உங்களுக்குப் பங்கு வரும். கடை இருக்கும். நீங்க இருக்க மாட்டீங்க."

ரம்ஜான் பீவி சுவரில் சாய்ந்தார். கண்ணை மூடினார். உதடு முணுமுணுத்தது. துஆ ஓதுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பீவிம்மா!"

"சபார்லா, கிராணி... யோசிக்க விடுங்க. அறுநூறு கைலி..."

"பீவிம்மா, கழுத்து!"

"ஒரு கழுத்து... அறுநூறு கைலி..." பெருமூச்சு விட்டார். "சரி. எழுதித் தொலைங்க."

ஐயாசாமி எழுதினார். ஒரே வரிதான். ஆபத்து இருக்கவில்லை.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எழுதிய மிகச் சின்ன அறிக்கை.

சார்ஜன் கபீர் நகுதாவின் பக்கம் திரும்பினார். க்ளிக்! விலங்கு ஏறியது.

"எதுக்கு இவ்வளவு சிரமப்பட்டீங்க, நகுதா?" ஐயாசாமி கேட்டார். "பொணத்தை வழியில தள்ளி விட்டிருக்கலாமேன்னு மொதல்ல தோணுச்சு. அப்புறம் அந்த நாப்பது பேரை நெனச்சேன். மேல்தட்டு பூராவும் ஆளு. ஒரு மூலையிலகூடக் கண்ணு இல்லாத இடம் கிடையாது. அத்தனை பேருக்கும் முன்னால பொணத்தைப் போட முடியாது. பெட்டியைப் போடலாம். சும்மா போட்டா ஏன்னு கேப்பாங்க. ஆபத்துன்னு கத்துனா, அவங்களே கை கொடுப்பாங்க."

"கொடுத்தாங்க..." வேலு பெட்டியைப் பார்த்தார். "நானும் கொடுத்தேன். முருகா முருகான்னுக்கிட்டே தூக்கிப் போட்டோம்..."

நகுதா கையிலிருந்த விலங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, நகுதா! நீங்களா இப்படி?" மீரா சாகிபு நெஞ்சில் கை வைத்தார். "பத்து வருஷப் பழக்கம்... நம்பவே முடியலையே!" பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஐயாசாமியைப் பார்த்தார். "அப்போ, ஐயா... பங்கே கிடையாதுன்னு ஆகிப் போச்சு. என் மூட்டையை எடுத்துக்கலாம்தானே? மாட்டு வண்டி வெளியில நிக்குது."

"எடுத்துக்கலாம், சாகிபு. ஆனா ஒரு சந்தேகம்."

"கேளுங்க, ஐயா."

"இருபத்திரண்டு வருஷமா இந்த வேலை பாக்குறேன். பங்கு கட்டுங்கன்னு சொன்னா ஒரு மனுஷனும் சிரிச்சுக்கிட்டுக் கட்டினதில்ல. ஒரு சீன முதலாளி, பெரிய தவுக்கே, என் மேசையை ரெண்டாப் பொளந்தாரு. ஒரு பாதிரியார் என்னை நரகத்துக்குப் போகச் சொன்னாரு. பீவிம்மா மூணு நாளா என் உயிரை எடுத்தாங்க. நீங்க மட்டும் கேட்ட அன்னைக்கே கட்டுனீங்க. இன்னைக்கு அடுத்தவங்க பங்கையும் கட்டுறேன்னீங்க."

"இல்லாதவங்களுக்கு உதவுற மனசு, ஐயா..."

"நல்ல மனசை நான் பாத்திருக்கேன், சாகிபு. அதுகூட ரசீது கேக்கும். நீங்க ரசீதே கேக்கல."

மீரா சாகிபுவின் சிரிப்பு அப்படியே நின்றது. போகவும் இல்லை, வளரவும் இல்லை.

"வெங்காயம் நாலு நாள்ல அழுகாது," என்றார் ஐயாசாமி. "அப்புறம் என்ன அவசரம்?"

"ஐயா, நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க..."

"அது உண்மைதான்."

ஐயாசாமி ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். நகுதாவைப் பார்த்தார்.

"நகுதா, நான் போலீஸ் இல்ல. எனக்குத் தெரிஞ்சது ஒரே தொழில். இப்படியே பேசாம நின்னீங்கன்னா, முழு நஷ்டமும் உங்க ஒத்தைக் கழுத்து மேலதான் எழுதப்படும்."

"யோசிச்சுப் பேசுங்க, நகுதா," என்றார் மீரா சாகிபு. மெல்லத்தான் சொன்னார். ஆனால் அதுவரை இருந்த தேன் அந்தக் குரலில் இல்லை.

நகுதா ருக்னுதீன் அவரையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். தூங்கி நாலு நாளான மனிதரின் சிரிப்பு.

"பங்கு போடலாமா, கிராணி?"

"போடலாம்."

"சிவப்பு நூல்ல தைச்ச மூட்டையைப் பிரிங்க."

மீரா சாகிபு ஓடினார்!

அறுபது வயது ஆள் அந்த வேகத்தில் ஓடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சார்ஜன் எட்டிப் பிடித்தார்... சட்டைத் துணி மட்டும் கையில் வந்தது. வேலு இடுப்பில் செருகியிருந்த அரிவாளை எடுத்துச் சிவப்பு நூல் மூட்டையை ஒரே கீறாகக் கீறினார்.

மடமடமடவென்று வெங்காயம் உருண்டது.

சாகிபுவின் கால் தன் சொந்த வெங்காயத்தில் ஏறியது. வழுக்கியது. மனிதர் மல்லாந்து விழுந்தார். எழுந்திருக்கப் பார்த்தவரின் நெஞ்சில் ரம்ஜான் பீவி உட்கார்ந்தார்!

"அசைஞ்சே... பெட்டியில போட்டு..." என்று ஆரம்பித்தவர், சார்ஜனைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வெங்காயத்தோடு வெங்காயமாக ஒரு தகர டப்பா உருண்டு வந்து ஐயாசாமியின் செருப்பில் முட்டி நின்றது. பின்னாலேயே இன்னொன்று. இன்னொன்று.

சார்ஜன் ஒன்றைத் திறந்து மோந்து பார்த்தார்.

"அபின்!"

"ஒன்பது மூட்டையில இருக்கு," என்றார் நகுதா. இப்போது அவர் பேச்சு நிற்கவில்லை. "ரெண்டு வருஷமா ஓட்டுறோம். வியாழக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர்ல சாகிபு கிட்டங்கியில சரக்கை எண்ணினாரு செல்லப்பன். ஒரு மூட்டையைத் தூக்கிப் பாத்தாரு. வெங்காயம் இப்படிக் கனக்காதே, சுங்கத்துல சொல்லணும்னாரு. சாகிபு எடைக்கல்லை எடுத்து... ஒரே அடி. நான் அடிக்கல. ஆனா மூடுனது நான்தான். எல்லாரும் சரக்கை அங்கதான் வச்சிருந்தாங்க. கைக்கு வந்தது இந்த அம்மா பெட்டி."

"ஆறு பெட்டியையும் எதுக்குப் போட்டீங்க?"

"ஒண்ணை மட்டும் போட்டா சந்தேகம் வரும்ல?"

"மத்த அஞ்சும் முங்கிப் போச்சு. இது மட்டும் ஏன் மிதந்துச்சு?"

"கைலியோட வச்சு மூடலாம்னு சொன்னேன். நனைஞ்ச கைலி கல்லு மாதிரி முங்கும். சாகிபு கேக்கல. நூறு கைலியையும் வெளிய எடுத்துட்டாரு."

"எதுக்கு?"

"அன்னைக்கே வித்துட்டாரு."



"என்ன வெலைக்கு வித்தே?" ரம்ஜான் பீவி கீழே கிடந்தவரைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா... மூச்சு முட்டுது..."

"என்ன வெலைக்குன்னு கேட்டேன்!"

"ஒண்ணு... ஒன்றரை வெள்ளி..."

"அடப்பாவி! நான் வாங்குனதே ஒண்ணே முக்கால்!"

சார்ஜனும் வேலுவும் சேர்ந்து இழுத்துத்தான் பீவிம்மாவை எழுப்ப முடிந்தது.

"கப்பல்ல இருந்து வீசுனா எல்லாரோட சரக்கையும் பிடிச்சு வைப்பாங்கன்னு தெரியாதா, நகுதா?" ஐயாசாமி கேட்டார்.

"எனக்குத் தெரியும். சாகிபுக்குத்தான் தெரியாது. ஒரு நாள்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டுடுவாங்க, மூட்டையை எடுத்துக்கலாம்னு சொல்லி வச்சேன்." நகுதா ரம்ஜான் பீவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "ஒரு பொம்பளை மூணு நாளா ஒரு பங்குக்காகச் சண்டை போடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

வேலு ஒரு சாக்கை எடுத்து வந்து செல்லப்பன் மேல் போர்த்தினார்.

"இவருக்கு யாரு இருக்கா?" ஐயாசாமி கேட்டார்.

"ஊர்ல ஒரு அக்காங்க. தஞ்சாவூர்ப் பக்கம். மாசாமாசம் பணம் அனுப்புவாரு."

ஐயாசாமி அறிக்கையை எடுத்துப் பார்த்தார். கப்பலுக்கு ஒரு பத்தி உண்டு. சரக்குக்கு ஒரு பத்தி உண்டு. அறுத்து விட்ட கயிற்றுக்குக்கூட உண்டு. போன உயிருக்குக் கிடையாது. சட்டம் எழுதினவர்கள் மறக்கவில்லை. அதைப் பங்கு போட முடியாது என்று விட்டுவிட்டார்கள்.

"விலாசம் குடுங்க, வேலு. நான் எழுதுறேன்."

"என் கைலிக்கு என்ன வழி, கிராணி?" ரம்ஜான் பீவி கொண்டையை முடிந்துகொண்டே வந்தார். "பங்கும் இல்ல, ஒண்ணும் இல்லைன்னா?"

"பொது நஷ்டம் இல்லைன்னுதான் சொன்னேன். முழு நஷ்டமும் உங்க தலையிலன்னு சொன்னது, யாரு செஞ்சாங்கன்னு முழுசாத் தெரியாதப்போ. இப்போ தப்பு பண்ணினது யாருன்னு தெரிஞ்சிருச்சு. கோர்ட்டுல கேஸ் போடுங்க. சாகிபு சொத்துல இருந்து வாங்கலாம்."

"எத்தனை நாளாகும்?"

"ரெண்டு வருஷம்."

பீவிம்மா கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். நூற்றுப் பதினோரு மூட்டை நல்ல வெங்காயம்.

"மூவார்ல வெங்காயம் என்ன வெல போகுது, வேலு?"

ஐயாசாமி குடையை எடுத்துக்கொண்டு அவசரமாக வெளியே வந்தார். இன்னொரு சண்டைக்கு அவர் உடம்பில் தெம்பு இல்லை.

பத்து பகாட் போலீஸ் நிலையத்தில் கைதிகளுக்கு இருந்தது ஒரே ஓர் அறை. பத்தடிக்கு எட்டடி. ஒரு வாளி. ஒரு பாய்.

வாக்குமூலத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட வந்த ஐயாசாமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நகுதா ருக்னுதீன் ஏற்கெனவே உள்ளே போய்ப் பாயின் ஓரத்தில் சுருண்டு, கண்ணை மூடியிருந்தார். நிஜமாகவே தூங்கிவிட்டார். ஐயாசாமிக்குப் பொறாமையாக இருந்தது.

மீரா சாகிபு வாசற்படியில் காலை ஊன்றிக்கொண்டு நகர மறுத்தார்.

"காட்டிக் குடுத்த நாயோட ஒரே ரூம்லயா? நான் கௌரவமான மனுஷன்! எனக்குத் தனி ரூம் வேணும்!"

"உள்ள போங்கலா, சாகிபு."

"இங்க இருக்கிறதே ஒரு பாய்!"

சார்ஜன் கபீர் அவரைத் தொப்பையாலேயே உள்ளே தள்ளினார். இரும்புக் கதவு மூடியது. சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.

"பாய் ஆளுக்குப் பாதி," என்றார் சார்ஜன், சாவியைப் பையில் போட்டபடி. "மூட்டைப்பூச்சி மட்டும் பொது!"